பேட்ரிக் வெய்ட்டின் பேஸ் வரியைக் கற்ற நான்கு வாரங்கள்

பர்மிங்காமைச் சேர்ந்த மியூசிக்கல் யூத் குழுவின் ‘பாஸ் த டச்சி’ பாடலை, தாழ்ந்த சுரங்களை ஒலிக்கும் பேஸ் கிட்டாரில் தொடக்கம் முதல் முடிவு வரை வாசித்துவிட வேண்டும் என்று போன மாதம் உட்கார்ந்தேன். 1982இல் பிரிட்டனில் மூன்று வாரங்கள் முதலிடத்தில் இருந்த பாடல் அது. அப்போது கிட்டார் வாசித்த கெல்வின் கிராண்டுக்கு வயது 11; பேஸ் வாசித்த பேட்ரிக் வெய்ட்டுக்கு 14. சிறுவர்கள் வாசித்ததுதானே என்று எண்ணித் தொடங்கிய எனக்கு, முதல் வாரத்தில் நான்கு வரிகள்கூடக் கைகூடவில்லை.

சுரங்களை ஒரே மாலையில் கண்டுபிடித்துவிட்டேன், இடைவெளிகள்தாம் வரவில்லை. தாளத்தின் தொடக்கமான சமத்தில் அடி விழுந்தே பழகிய என் காது, முதல் அடியைக் காலியாக விட்டு மூன்றாவது அடியில் ட்ரம்ஸின் கனத்தை இறக்கும் ஜமைக்க இசையான ரெகேயின் ‘ஒன் டிராப்’ தாளத்துக்குள் நுழைய மறுத்தது. இரண்டாம் வாரம் கிட்டாரை ஓரமாக வைத்துவிட்டு, முதல் அடிக்கு வீச்சும் மூன்றாம் அடிக்குத் தட்டுமாகத் தொடையில் தாளம் போட்டு, தாளம் தட்டும் கருவியான மெட்ரனோமை மிக மெதுவாக ஓடவிட்டுப் பழகிய பிறகே விரல்கள் பொறுமை கற்றன.

மூன்றாம் வாரம் பாட்டின் வேரைத் தேடிக் கேட்டேன். ஜமைக்காவின் கிங்ஸ்டன் நகர ஒலிப்பதிவுக்கூடமான ஸ்டுடியோ ஒன்னில் 1960களில் பிறந்த ‘ஃபுல் அப்’ என்னும் இசைத்தளத்தின் மேல் மைட்டி டைமண்ட்ஸ் குழு கஞ்சாக் குடுவையைக் கைமாற்றிக்கொள்ளச் சொல்லிப் பாடியிருந்தது. பர்மிங்காம் சிறுவர்களுக்காக அந்தக் குடுவை, சோறு பொங்கும் டச்சிப் பானையாக மாறியது. கஞ்சா இருந்த இடத்தில் பசி வந்து அமர்ந்தது. இந்த மாற்றத்தால் பாடல் கனம் கூடியதாகவே நான் உணர்கிறேன்.

நான்காம் வாரம் 1983இல் வந்த இரண்டாவது ஆல்பத்தையும் கேட்டேன். அமெரிக்க சோல் இசையின் பக்கம் சாய்ந்த அதில், முதல் ஆல்பத்தின் உயிர் எனக்குக் கிடைக்கவில்லை. விற்பனையும் முதலாவதை எட்டவில்லை. 1984இல் சிறந்த புதிய கலைஞருக்கான கிராமி பரிந்துரைப் பட்டியலில் இடம்பெற்ற குழுவிலிருந்து, 1985இல் முன்னணிப் பாடகர் டென்னிஸ் சீட்டன் விலகினார்; குழு கலைந்தது. பேட்ரிக் 1993இல், 24 வயதில், இதய நோயால் இறந்தார்.

அதை அறிந்த மறுநாள் மெட்ரனோமை நிறுத்திவிட்டு, ஒலிப்பதிவில் அவருடைய பேஸை மட்டும் பின்தொடர்ந்து வாசித்தேன். பல்லவி திரும்பும் இடத்தில் மட்டும் இன்னும் முந்திவிடுகிறேன். அவர் அங்கே அவசரப்படவே இல்லை.