எத்தனை படி

2019 மார்ச் 3, ஞாயிறு
மாமா, இவருடைய அப்பா, போய்ச் சேர்ந்து இது மூன்றாவது ஞாயிறு. ராத்திரி வீட்டில் இஸ்திரி வாசனை இல்லை. நாளைக்குப் போட வேண்டிய சட்டைகள் கூடையிலேயே கிடக்கின்றன. யாரும் தொடவில்லை.

மார்ச் 5
கல்லறைக் கல் வெட்டுகிற இடத்திலிருந்து மறுபடி போன். பெயர் கேட்கிறார்கள். எந்தப் பெயரைச் சொல்ல?

மார்ச் 6
அத்தை சொன்னது ஒன்றே ஒன்று: "பேப்பரில் என்ன இருக்கோ அதைப் போடு." இவர் "செத்த பிறகுமா?" என்று கத்திவிட்டு வெளியே போய்விட்டார். இரண்டு பெயரையும் இங்கே எழுதக் கூடாது என்று அத்தையின் உத்தரவு. எழுதவில்லை, அத்தை.

மார்ச் 11
தூக்கம் இல்லை. எங்கள் ஊரில் பெயருக்கு முன்னால் அப்பாவின் எழுத்து ஒன்று நிற்கும். அதை யாரும் காசு கொடுத்து வாங்கியதாகக் கேள்விப்பட்டதில்லை. மாமாவுக்கு வாங்கினார்கள். சீனத் தொழிலாளிகள் அமெரிக்காவுக்குள் வரக் கூடாது என்று 1882 சட்டம் கதவைச் சாத்திவிட்டது. 1906 பூகம்பத்தில் சான் பிரான்சிஸ்கோவின் பதிவேடுகள் எரிந்துபோயின. அப்புறம் "நான் இங்கேயே பிறந்தவன்" என்று சொன்னவனை எதைக் காட்டி மறுப்பது? அப்படிக் குடிமகன் ஆனவர்கள் சீனா போய்த் திரும்பும்போதெல்லாம் ஒரு பிள்ளை பிறந்ததாக எழுதி வைத்தார்கள். பிறக்காத பிள்ளையின் இடத்தை விற்றார்கள். வயதுக்கு நூறு டாலர் என்று கணக்காம். 1939இல் சீனாவின் தொய்சானிலிருந்து கிளம்பியபோது மாமாவுக்கு 11. காகிதத்தில் 13. வாழாத இரண்டு வருஷத்துக்கும் சேர்த்துக் கடன். அதை அடைக்கத்தான் சலவைக் கடை, இஸ்திரி எல்லாம்.

1943இல் அந்தச் சட்டத்தை நீக்கினார்கள். வருஷத்துக்கு 105 சீனர் வரலாம் என்றார்கள். 105! எங்கள் கல்யாணத்தில் ஒரு பந்திக்கே அதைவிடக் கூட்டம்.

மார்ச் 14
மகள் மாடிப்படியில் நின்று அழுதுகொண்டிருந்தாள். "தாத்தா இருந்தால் எத்தனை படின்னு கேட்டிருப்பார்." எந்த வீட்டுக்குப் போனாலும் அவருடைய முதல் கேள்வி அதுதான். எங்கள் கல்யாணத்துக்கு வந்தவரைத் திருச்சி மலைக்கோட்டைக்குக் கூட்டிப் போனோம். அப்பா 417 என்றார். மாமா ஒப்புக்கொள்ளவே இல்லை, இறங்கும்போது திரும்ப எண்ணினார். இரண்டு பேருக்கும் பொதுவாக ஒரு வார்த்தை கிடையாது. விரலைக் காட்டிக் காட்டியே சண்டை போட்டார்கள்.

மார்ச் 19
மாமாவின் குடியேற்றக் கோப்பைக் கேட்டு எழுதியதற்குச் சான் புரூனோ ஆவணக் காப்பகத்திலிருந்து இன்னும் பதில் இல்லை.

மார்ச் 20
கஞ்சி வைத்தேன். கடைசி மாதம் அவர் சாப்பிட்டது இது ஒன்றுதான். அவருக்கு அது ஜூக், எனக்குக் கஞ்சி. மிளகு போட்டால் முகம் சுளிப்பார், ஆனாலும் கிண்ணத்தைக் காலி செய்துவிடுவார். இன்று நானும் அத்தையும் மட்டும். பேசவில்லை.

மார்ச் 23, சனி
ஏஞ்சல் தீவு. கப்பலில் வந்த சீனர்களை விசாரணை முடியும்வரை அடைத்து வைத்த தீவு. நகரக் கரையிலிருந்தே கண்ணுக்குத் தெரிகிற இடம். மாமா எண்பது வருஷத்தில் ஒரு தடவைகூட அங்கே திரும்பிப் போகவில்லை. இவர் சின்னப் பையனாகப் பிக்னிக் போகலாம் என்று கேட்டதற்கு அறை வாங்கினாராம். அவரிடம் அடி வாங்கியது அந்த ஒரு தடவைதான்.

ஆண்களை அடைத்த கட்டடத்தில் மரச்சுவர் முழுக்கக் கவிதை செதுக்கியிருக்கிறது. அதிகாரிகள் மக்கு அடைத்துப் பெயின்ட் பூசினார்கள், வந்தவர்கள் மறுபடி செதுக்கினார்கள். படுக்கை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கு. எந்த அடுக்கில் பதினொரு வயசுப் பையனைப் படுக்க வைத்திருப்பார்கள்? இவர் உள்ளே ஐந்து நிமிஷம்கூட நிற்கவில்லை.

மார்ச் 24
மழை. சட்டைகளை நானே தேய்த்தேன். காலர் சரியாக வரவில்லை.

மார்ச் 28
கோப்பு வந்துவிட்டது. முதல் பக்கத்தில் போட்டோ, காது இரண்டும் விடைத்துக்கொண்டு. அப்படியே என் மகள்.

மீதியெல்லாம் கேள்வி பதில். உன் வீடு எத்தனையாவது வரிசை? கிணறு எந்தப் பக்கம்? அரிசிப் பானை எங்கே இருக்கும்? வாசலில் எத்தனை படி? காகித அப்பாவையும் தனியாக உட்கார வைத்து இதையே கேட்டிருக்கிறார்கள். பதில் பிசகினால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். கப்பலில் மனப்பாடம் செய்துவிட்டுக் குறிப்பைக் கடலில் எறிந்துவிட வேண்டும்.

மூன்றாவது வரிசை, ஐந்தாவது வீடு, கிழக்கே கிணறு. படித்துக்கொண்டே வந்த இவர் நிறுத்திவிட்டார். மாமா எங்கள் மகளுக்குப் படம் போட்டுக் காட்டிய ஊர் இதுதான். இவருக்கும் தூங்கும்போது சொன்ன ஊர் இதேதான். கிழக்கே கிணறு, அதில் விழுந்த வாத்து. வாத்து கோப்பில் இல்லை. வாத்தாவது அவருடையதா?

ஏப்ரல் 1
கல்காரர் பொறுமையாகச் சொன்னார்: அந்தக் காலத்து ஆட்களுக்குப் பெரும்பாலும் ஆங்கிலத்தில் காகிதப் பெயர், சீன எழுத்தில் வீட்டுப் பெயர். என் கணவருக்கோ ஆங்கிலத்திலும் நிஜப் பெயர் வேண்டும். 1956இல் உண்மையைச் சொல்லச் சொல்லி அரசாங்கமே ஒரு திட்டம் போட்டது, ஆனால் ஒருவர் வாய் திறந்தால் காகிதக் குடும்பமே மாட்டும். மாமா திறக்கவில்லை. இப்போது நாம் யார் திறக்க, என்கிறார் அத்தை. எனக்கு இரண்டு பக்கமும் நியாயமாகப் படுகிறது. இது எதற்கும் உதவாத குணம்.

ஏப்ரல் 4
நாளை சிங் மிங், சீனர்கள் கல்லறைக்குப் போய் முன்னோரைக் கும்பிடும் நாள். கோல்மா கல்லறைக்குப் போக வேண்டும், ஆரஞ்சும் கோழியும் வாங்க வேண்டும்.

சமையலறையில் அத்தை திடீரென்று கேட்டார், "அந்தப் பேப்பரில் வாசலுக்கு எத்தனை படி என்று இருக்கிறது?"

"இரண்டு."

"கல்யாணம் ஆகி ஒரு வருஷம் அந்த வீட்டில் இருந்தேன். படியே கிடையாது. தெருவும் வீடும் ஒரே மட்டம்." கீரையைத் திரும்ப அலசப் போய்விட்டார்.

இவரிடம் இன்னும் சொல்லவில்லை.