ஒரே ஒரு எண்

"மேடம், இதிலிருந்து அது வரைக்கும்னு எல்லாம் வேண்டாம். கோப்பில் எழுதணும், ஒரே ஒரு எண் சொல்லுங்க."

நாகர்கோவில் கூட்டத்தில் இதைக் கேட்ட அதிகாரிமேல் எனக்கு இன்றும் கோபம் இல்லை. ஓர் ஊர்க் கரையைக் காக்கக் கடலுக்குள் கல்லைக் கொட்டித் தூண்டில் வளைவு போட்டால், பத்து ஆண்டில் பக்கத்து ஊர்க் கரையைக் கடல் எத்தனை மீட்டர் தின்னும்? என் மாடல் ஒரு கீழ் எல்லையும் ஒரு மேல் எல்லையும் தந்திருந்தது. நடுவில் இருந்ததைச் சொன்னேன். எழுதிக்கொண்டார். அரை நிமிஷம் ஆகியிருக்காது.

தென்மேற்குப் பருவத்தில் அலை சாய்வாக மோதும்போது மணல் கரையை ஒட்டியே நகரும். கல்லைக் கொட்டி மறித்தால் ஒரு பக்கம் சேரும், மறுபக்கம் அரிக்கும். இதில் குழப்பம் இல்லை. குழப்பம் எல்லாம் குழித்துறை ஆறு தேங்காப்பட்டணத்தில் கொண்டுவந்து சேர்க்கும் மணலில்தான். 1906இல் கட்டி முடித்த பேச்சிப்பாறை அணை பிடித்துவைத்தது போக, பிறகு வந்த பெருஞ்சாணி அணை பிடித்தது போக, ஆற்றிலேயே அள்ளியதும் போக, கடலுக்கு மிச்சம் எவ்வளவு? அங்கே நான் வைத்தது அனுமானம். மணல் வரத்து குறைந்தால் மேல் எல்லைதான் நடக்கும். அது கணக்கின் பிசிறு இல்லை, நடக்கக்கூடிய ஒன்று. இந்த ஒரு வாக்கியத்தை அங்கே சொல்லியிருக்கலாம்.

சொல்லியிருந்தால்? "ஆராய்ச்சி பண்ணினவங்களுக்கே தெரியலை" என்று கோப்பு திரும்பியிருக்கும். அந்த ஆனி ஆடியில் முன்வரிசை வீடுகள் போயிருக்கும். 2017 நவம்பர் 30, ஒக்கி புயல். எச்சரிக்கை வருமுன்பே ஆழ்கடலுக்குப் போய்விட்ட படகுகளை இந்தக் கரை மறக்கவில்லை. நேரத்துக்கு ஒரு சொல் வேண்டும் என்று ஓர் அதிகாரி பதறுவதை நான் எப்படித் தப்பு என்பேன்? அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். பல ராத்திரி அது போதுமானதாகவும் இருக்கிறது.

ஆனால் கூட்டம் முடிந்து வாசலில் நின்றபோது, பக்கத்து ஊர்ப் பெரியவர் ஒருவர் கேட்டார்: "மக்ளே, இங்க நிக்கப்போற மண்ணு, எங்க ஊருக்கு வரவேண்டிய மண்ணுதானே?"

"ஆமா தாத்தா. ஆனா கொஞ்சம்தான்."

அவர் என்னிடம் ஒரே எண் கேட்கவில்லை. கோப்பும் இல்லை, அவசரமும் இல்லை. இரண்டு எல்லையையும் அவருக்கு மணலில் கோடு போட்டே காட்டியிருக்கலாம். கடலில் நீவாடு, அதாவது நீரோட்டம், பார்த்தே வாழ்ந்த மனிதருக்கு 'இப்படியும் ஆகலாம், அப்படியும் ஆகலாம்' என்பது புரியாதா? அதிகாரிக்குச் சொன்ன எண்ணுக்கு என்னிடம் காரணம் இருக்கிறது. அந்தக் 'கொஞ்சம்தான்'-க்கு இல்லை.

வளைவு வந்தது. அந்த ஊர் வீடுகள் நிற்கின்றன. பக்கத்து ஊரில் மூன்றாவது ஆடியில் தென்னைகள் வேரோடு சாய்ந்தன. என் அனுமானம் பிசகியதா, அந்த வருஷ அலை அப்படியா என்று இன்னும் பிரித்துப் பார்க்க முடியவில்லை.

இப்போதெல்லாம் யார் கேட்டாலும் இரண்டு எல்லையையும் சொல்லிவிடுகிறேன். போன மாதம் வேறொரு அலுவலகத்தில் அப்படியே சொன்னேன். பொறுமையாகக் கேட்டார்கள். செலவு குறைகிறது என்று கீழ் எல்லையை எழுதிக்கொண்டார்கள்.