பந்தை வாங்கிக்கொண்ட மாலை

கொழும்பின் கொட்டாஞ்சேனையிலிருந்தும் வெள்ளவத்தையிலிருந்தும் எனது பேஸ்போல் அணிக்கு வரும் பிள்ளைகள் எல்லோரும் கிரிக்கெட்டில் வளர்ந்தவர்கள் என்பதால், முதல் மாதங்களில் நான் கற்பிப்பதைவிட மறக்கச் செய்வதே அதிகம். முழங்கையை நீட்டி, பந்தை நிலத்தில் குத்தவைத்துப் பழகிய கை, 18.44 மீற்றர் தொலைவிலிருந்து முழங்கையை மடக்கி, நிலம் படாமல் எறியப் பழகவேண்டும். அது விரைவிலேயே வந்துவிடுகிறது.

நன்றாக எறியும் பிள்ளையை நிறுத்துவதுதான் எனக்கு இன்றும் கடினமானது. இளம் வீரர்கள் எத்தனை பந்துகள் எறியலாம் எனக் கூறும் அமெரிக்காவின் 'பிட்ச் ஸ்மார்ட்' வழிகாட்டி, 13, 14 வயதினருக்கு நாளொன்றுக்கு 95 பந்துகளை உச்ச வரம்பாக வைப்பதோடு, 66 பந்துகளை எட்டினாலே நான்கு நாள் ஓய்வும் கேட்கிறது; வளரும் எலும்பும் தசைநாரும் களைப்பில் எறியும்போதே பெரிதும் பழுதாகின்றன. சென்ற பருவத்தில், முன்னிலையில் இருந்த ஓர் ஆட்டத்தில், 14 வயது மாணவனிடமிருந்து பந்தை வாங்கிக்கொண்டேன்.

"சேர், இன்னும் ஒரு இன்னிங்ஸ் எறியிறன்."

"இல்லை தம்பி, இண்டைக்குக் காணும்."

அந்த ஆட்டத்தில் தோற்றோம். அவன் அதைத் தண்டனையென எண்ணி அழுதான். காரணத்தை முன்னரே விளக்காதது என் தவறு. அதன்பின் பந்துக் கணக்குக் கொப்பியைப் பிள்ளைகளிடமே ஒப்படைத்தேன். இப்போது இளையவர்களுக்கு எண்ணுபவன் அவனே. அறுபதாவது பந்தில் என்னைப் பார்த்துக் கையை உயர்த்துகிறான்.