பூசி மறைக்கச் சொன்னார்கள், பெயர்த்துப் பார்த்தோம்

காவேரிப்பட்டணம் பக்கம் எங்களுக்கு ஒரு சின்ன குடோன். தேங்காய் நார் மூட்டைகள் அடுக்கி வைப்போம். போன சித்திரையில் ஒரு ராத்திரி பற்றிக்கொண்டது. தீயணைப்பு வண்டி வந்து தண்ணீர் அடித்த பிறகும் நார் உள்ளுக்குள்ளேயே கனன்று, விடியும்வரை புகைந்தது. தகரக் கூரையை மாற்றிவிடலாம். பயமெல்லாம் பின்சுவரைப் பற்றித்தான். பின்னால் ஆளுயர மண்மேடு. அதைத் தாங்கி நிற்பதே அந்த ஒன்பது அங்குல கான்கிரீட் சுவர்தான்.

மேஸ்திரி பார்த்துவிட்டு, "கம்பிகூட வெளிய தெரியலண்ணா. கரியைத் தேய்ச்சுட்டு ஒரு பூச்சு விட்டா புதுச்சுவர்தான்" என்றார். இன்சூரன்ஸ் சர்வேயர் வரும்வரை எதையும் தொடக்கூடாது என்றிருந்ததால் தப்பித்தேன்.

கிருஷ்ணகிரியிலிருந்து வந்த இன்ஜினீயர் மேடம் முதலில் கேட்டது சுத்தியல். ஓரத்தில் தட்டினால் ணங்கென்றது. மூட்டை அடுக்கியிருந்த இடத்தில் தொப்பென்றது. அங்கே கொத்திப் பார்த்தால் உள்ளே லேசான சிவப்பு. 300 டிகிரி தாண்டினால் ஜல்லி, மணலில் உள்ள இரும்பால் இப்படிச் சிவக்குமாம். 600-க்கு மேல் போனால் வெளுத்துவிடும், பலமும் பாதிக்கு மேல் போய்விடும்.

ஆனால் எங்கள் பக்கத்து ஜல்லியே கொஞ்சம் சிவப்பு! அதனால் நெருப்பே படாத முன்சுவரிலும் ஒரு சில்லு பெயர்த்து, இரண்டையும் வெயிலில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். வித்தியாசம் தெரிந்தது. சிவப்பு இரண்டு அங்குல ஆழத்தில் நின்றிருந்தது.

"கம்பிக்கு ஒண்ணும் ஆகலையே மேடம்?" என்றேன்.

"மண் தள்ளும்போது இழுபடுறது மண் பக்கத்துக் கம்பி தம்பி. அங்க சூடு போகல. ஆனா நெருப்பு பட்ட பக்கம்தான் அமுங்குற பக்கம். கான்கிரீட் பலம் அங்கதான் வேணும்."

பூச்சு ஏன் கூடாது என்பதும் அப்போதுதான் புரிந்தது. சூட்டில் சிமென்ட்டுக்குள் இருக்கும் சுண்ணாம்பு, காளவாயில் சுட்ட சுண்ணாம்பு மாதிரி ஆகிவிடுகிறது. பிறகு ஈரம் பட்டால் ஊதி வெடிக்கும். நெருப்பு அணைந்து பல நாள் கழித்தும் பலம் குறைவது அதனால்தான். ஈரக் கலவையைப் பூசியிருந்தால் நானே அதற்குத் தண்ணீர் ஊற்றியிருப்பேன்.

சுவர் உள்ளே எவ்வளவு உறுதி என்று ஒலி அலை செலுத்திப் பார்க்கும் சோதனையில் இரு முனையையும் எதிரெதிரே வைக்க முடியவில்லை, மறுபக்கம் மண். எனவே வெந்த பகுதியைச் செதுக்கி எடுத்துவிட்டு, உள்ளே மூன்று இடத்தில் கான்கிரீட்டை உருளையாகத் துளைத்து எடுத்து, நசுக்கிப் பலம் பார்க்க சேலத்துக்கு அனுப்பினோம். எம் 20 சுவர் அது, அதாவது சதுர மில்லிமீட்டருக்கு 20 நியூட்டன் தாங்க வேண்டிய கான்கிரீட். ஐஎஸ் 456 என்ற இந்தியக் கான்கிரீட் தர விதிப்படி உருளைகளின் சராசரி 17-க்குக் குறையக்கூடாது, எந்த ஒன்றும் 15-க்குக் கீழே போகக்கூடாது. மூன்றுமே தேறின.

இடிக்கவில்லை. செதுக்கிய இடத்தில் புதுக் கம்பிவலை கட்டி மைக்ரோ கான்கிரீட் என்ற பொடி ஜல்லிக் கலவையை நிரப்பினோம். உருளை எடுத்த செலவை இன்சூரன்ஸில் ஒத்துக்கொள்ளவில்லை, கைக்காசு போட்டேன். மேஸ்திரி அந்தச் சிவப்புச் சில்லை மட்டும் கேட்டு வாங்கிப் போனார்.