புளியங்கொட்டைக் கணக்கு

கூடலூர்ப் பக்கம் ஒரு ஆஸ்பத்திரி லேபில் வேலை பார்த்தேன். நீலகிரிப் பழங்குடி மக்களிடம் அரிவாள் செல் ரத்தம், அதாவது சிவப்பணுக்கள் அரிவாள்போல் வளையும் ரத்தம், இருப்பது 1952லேயே பதிவானது. 11வது குரோமோசோமில் ஹீமோகுளோபின் ஜீனில் ஒரே ஒரு எழுத்து மாறியதால் வரும் வினை. அந்த ஜீன் எல்லோருக்கும் இரண்டு பிரதி, அம்மாவிடமிருந்து ஒன்று, அப்பாவிடமிருந்து ஒன்று. ஒரு பிரதி மட்டும் மாறியிருந்தால் கேரியர். கடுமையான மலேரியாவிலிருந்து பாதுகாப்புகூட உண்டு. இரண்டும் மாறியிருந்தால் நோய்.

இந்த ரத்தத்தைச் சோதனைக் கரைசலில் விட்டால் குழாய் கலங்கும், பின்னால் இருக்கும் கோடுகள் மறையும். கேரியரா நோயாளியா என்பதை ஹீமோகுளோபின் வகைகளைப் பிரித்துக் காட்டும் எச்பிஎல்சி மெஷின்தான் சொல்லும். அதெல்லாம் ஒரே மாதத்தில் கைக்கு வந்துவிட்டது. ரிசல்ட்டை விளக்கத்தான் வரவில்லை.

ஒரு தம்பதி, இருவருமே கேரியர். மூத்த பெண்ணுக்கு நோய். "நாலில் ஒரு குழந்தைக்கு வரலாம்" என்று சொல்லி அனுப்பினேன். அப்புறம் அந்தப் பெண் ஐந்து மாத வயிற்றோடு, மாமியாரையும் கூட்டிக்கொண்டு, சிரித்தபடி வந்தாள்.

"அந்த ஒண்ணுதான் எங்களுக்கு வந்துருச்சே மேடம். இனி மூணுக்குப் பயமில்லையே?"

நான் கொடுத்த கணக்கைத்தான் அவள் போட்டிருந்தாள்.

கேன்டீனில் இரண்டு புளியங்கொட்டை வாங்கி, தாயம் விளையாடத் தேய்ப்பதுபோல் ஒரு பக்கம் மட்டும் வெளுக்கத் தரையில் தேய்த்தேன். ஒன்று அவளுடையது, ஒன்று கணவனுடையது. வெள்ளை விழுந்தால் மாறிய ஜீன். இரண்டும் வெள்ளையானால் நோய். ஒவ்வொரு பிள்ளைக்கும் புதிதாக உருட்ட வேண்டும். (கொட்டை சரிபாதியாக விழாது என்பது வேறு விஷயம்.)

அதுவரை "எல்லாம் அவ பொறந்த வீட்டுச் சீக்கு" என்று முணுமுணுத்த மாமியார்தான் முதலில் கொட்டையை எடுத்தார். இரண்டாவது உருட்டில் ரெட்டை வெள்ளை. அடுத்ததிலும் அதே.

"போன தடவை விழுந்தது இதுக்குத் தெரியாதோ?"

"தெரியாதும்மா."

ஒரு கொட்டையைத் தனியாக எடுத்துத் திருப்பிப் பார்த்தார். "இது என் பையனோடதா?"

"ஆமாம்மா."

அதற்குமேல் மருமகளை அவர் எதுவும் சொல்லவில்லை.

குழந்தை பிறந்ததும் சோதித்தோம். கதவருகே நின்றிருந்த மாமியார் என்னைப் பார்த்ததும் கேட்டார்: "என்ன விழுந்துச்சு?"

"ஒண்ணு வெள்ளை, ஒண்ணு கறுப்பு."