வெல்டிங் படிக்கும் பிள்ளைகளும் போகலாம்

ரீயூனியன் தீவின் சென் ஆந்த்ரே ஊரில் தொழிற்கல்விப் பள்ளிக்குப் பிள்ளைகளை அனுப்பும் பெற்றோரே, உங்களுக்காகத்தான் எழுதுகிறேன். வெளிநாட்டில் படிக்கவும் பயிற்சி பெறவும் ஐரோப்பிய ஒன்றியம் உதவும் எராஸ்மஸ் பிளஸ் திட்டம் பல்கலைக்கழக மாணவர்களுக்கு மட்டும் என்று கோயிலில் இருவர் சொன்னார்கள். இல்லவே இல்லை! மின்பணி, வெல்டிங், சமையல் படிப்பவர்களும் ஐரோப்பாவின் வேறொரு நாட்டில் 10 முதல் 89 நாட்கள் வரை பட்டறையிலோ நிறுவனத்திலோ பயிற்சி பெறலாம். ரீயூனியன் பிரான்ஸின் பகுதி, ஆகவே நம் பிள்ளைகளுக்கும் அந்த உரிமை உண்டு. பயணத்துக்கும் தங்குவதற்கும் உதவித்தொகை இருக்கிறது. மாணவர் தனியாக மனுப் போட முடியாது, பள்ளி வழியாகத்தான் போக வேண்டும். ஆசிரியரிடம் இப்போதே கேளுங்கள். கற்றதைப் பதிவு செய்யும் யூரோபாஸ் சான்றையும் மறக்காமல் வாங்கச் சொல்லுங்கள்.

என் அக்கா மகள் வெல்டிங் படிக்கிறாள். கைவேலை அவ்வளவு சுத்தம். "பெண் பிள்ளையை அத்தனை தூரமா?" என்று அக்கா தயங்குகிறார். அனுப்புங்கள் அக்கா! பள்ளியில் பேச நானும் உடன் வருகிறேன்.