கண்டா சாயத் தெருவின் நீலத் துணிகள்: மூன்றாவது அச்சு

எடோ என்று அந்நாளில் அழைக்கப்பட்ட டோக்கியோவில், சாயக்காரர்கள் வாழ்ந்த கண்டா கோன்யா-சோ தெருவை ஜப்பானிய மரஅச்சு ஓவியர் ஹிரோஷிகே 1857-இல் வரைந்தார். உயரமான பரண்களிலிருந்து நீலமும் வெள்ளையுமான துணிகள் நீளமாகத் தொங்குகின்றன. தொலைவில் ஃபூஜி மலை தெரிகிறது. ஒரு தொழிலின் அன்றாடத்தை இவ்வளவு அழகாகக் காட்டும் வேறொரு மரஅச்சை நான் கண்டதில்லை. ஆகவே, அதில் மூன்று துணிகளும் வானமும் உள்ள பகுதியை மட்டும் அஞ்சலட்டை அளவில் அச்சிட முயன்று வருகிறேன்.

மெல்லிய தாளில் வரைந்த படத்தைப் பலகையில் முகம் கவிழ்த்து ஒட்டி, காய்ந்தபின் தாளின் முதுகை விரல் நுனியால் உருட்டி உரித்து, ஒரு சொட்டு எண்ணெய் தடவினால், கோடுகள் இடவலம் மாறித் தெளிவாகத் துலங்கும். அக்கோடுகளின் இருபுறமும் கத்தியைச் சாய்த்து வெட்ட வேண்டும். கோடு அடி அகன்ற வரப்பைப் போல நின்றால்தான் அழுத்தத்தைத் தாங்கும். முதல் பலகையில் நான் கத்தியை நேராக இறக்கியதால், துணியின் விளிம்புக் கோடு இரண்டு இடங்களில் பெயர்ந்துவிட்டது.

இரண்டாம் முயற்சியில் செதுக்கல் நன்றாக அமைந்தும் வண்ணம் விலகியது. ஒவ்வொரு பலகையிலும் ஒரே இடத்தில், மூலையில் ‘ட’ எழுத்தைப் போன்ற ஒரு பள்ளமும் அதே விளிம்பில் சற்றுத் தள்ளி நேரான ஒரு பள்ளமும் வெட்டப்படும். கென்தோ எனப்படும் இவற்றில் தாளைப் பொருத்தினால் வண்ணங்கள் தத்தம் இடத்தில் விழும். பள்ளங்களை அளந்து பார்த்தேன். பிழை அங்கே இல்லை. கறுப்புக் கோட்டை அச்சிட்டபின் நீலப் பலகைக்கு மை தடவும் நேரத்தில், மின்விசிறிக் காற்றில் தாள் உலர்ந்து சுருங்கியிருந்தது. பன்னிரண்டு தாள்களில் நான்குதான் தேறின.

இம்முறை விசிறியை நிறுத்தி, கோசோ எனப்படும் காகித மல்பெரி நாரால் செய்த வாஷி என்னும் ஜப்பானியத் தாள்களை ஈரத்தாள்களுக்கிடையே இரவு முழுவதும் அடுக்கி வைத்து, வேலை முடியும்வரை பிளாஸ்டிக் உறைக்குள்ளேயே பதம் கெடாமல் காத்தேன். பன்னிரண்டில் பத்து தாள்களில் நீலம் கோட்டுக்குள் அடங்கி நின்றது.

வானம்தான் இன்னும் வசப்படவில்லை. பலகையை ஈரத்துணியால் துடைத்து, தூரிகையின் ஒரு மூலையில் மட்டும் பிரஷ்ய நீலம் தொட்டு இழுக்கும்போது, நிறம் மேலே அடர்ந்து கீழே கரைந்துபோக வேண்டும். இதைப் போகாஷி என்பார்கள். எனக்கோ கரையும் இடத்தில் ஒரு கோடு விழுகிறது. ஈரம் அங்கே குறைவு என்று ஊகிக்கிறேன். அடுத்த வாரம் நிறத்தோடு சேர்க்கும் கஞ்சிப் பசையைச் சற்றுக் கூட்டி, வானப் பலகையை மட்டும் தனியாக அச்சிட்டுப் பழகப் போகிறேன்.